மது உரிமத்துக்கு நோட்டீஸ் வந்தால்: இல்லினாய் நடைமுறை, படிப்படியாக

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பார் வைத்திருப்பவர்களுக்கும், மளிகையோடு மதுவும் விற்பவர்களுக்கும் இது. அங்கே நகரங்களில் மேயர்தான் உள்ளூர் மதுக் கட்டுப்பாட்டு ஆணையர். உரிமம் கொடுப்பதும் பறிப்பதும் அவர் கையில். ஆனால் நினைத்த மாத்திரத்தில் பறித்துவிட முடியாது; முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரணை நடத்த வேண்டும்.

படி 1: நோட்டீஸைப் படியுங்கள்

விசாரணைக்கு 3 நாள் முன்பே எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அந்த 3 நாள் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். 21 வயது நிரம்பாதவருக்கு விற்றதாகப் புகார் என்றால் அன்று கல்லாவில் இருந்தது யார், அடையாள அட்டை கேட்டாரா, பில்லில் என்ன நேரம் என்று பாருங்கள். சிசிடிவி பதிவை அன்றைக்கே நகல் எடுங்கள். விட்டால் புதுப் பதிவு அதன்மேல் ஏறிவிடும். வக்கீல் வைப்பதானால் இப்போதே வையுங்கள்.

படி 2: உடனே மூடச் சொன்னால்

ஊருக்கு உடனடி ஆபத்து என்று கருதினால் விசாரணை இல்லாமலே 7 நாள் வரை மூட உத்தரவிடலாம். காரணத்தை எழுதித் தர வேண்டும். அந்த நாட்களுக்குள் உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும். அதே இடத்தில் வேறு தொழிலும் நடந்தால், அதை இந்த உத்தரவு தொடாது. பலர் இது தெரியாமல் மொத்தக் கடைக்கும் ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள்.

படி 3: விசாரணை

என்னைக் கேட்டால், முழு பலத்தையும் காட்ட வேண்டிய இடம் இதுதான். "அப்பீலில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற நினைப்பே வேண்டாம். மேல்முறையீட்டில் இந்த விசாரணைப் பதிவை மட்டுமே பார்க்க வேண்டும் என்று ஊர் மன்றம் தீர்மானம் போட்டிருந்தால், அதை மட்டுமே பார்ப்பார்கள். புதுச் சாட்சிக்கு இடமில்லை. உங்கள் ஊரில் எப்படி என்று நகர அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். வீடியோ, பில், ஊழியருக்குப் பயிற்சி கொடுத்த சான்று என்று எதைக் காட்டினாலும், பதிவில் சேர்க்கச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்கள்.

படி 4: உத்தரவு

விசாரணை முடிந்த 5 நாளுக்குள் காரணத்தோடு எழுத்தில் வரும். அபராதம், 30 நாளுக்கு மேற்படாத இடைநிறுத்தம், இல்லையேல் ரத்து.

படி 5: மேல்முறையீடு

20 நாள் அவகாசம். மாநில மதுக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்குப் போக வேண்டும். சிகாகோவுக்கு மட்டும் தனி உரிம மேல்முறையீட்டு ஆணையம் உண்டு. உத்தரவு உங்களிடம் சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து நாள் எண்ணப்படும் என்பதால், வந்த தேதியை கவர்மேலேயே எழுதி வையுங்கள்.