நிறுவனத்தை வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே புதிதாக இந்தத் துறைக்கு வருபவர்களும் அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். கணக்கைச் சரிபாருங்கள், வழக்கறிஞரைக் கேளுங்கள் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

விற்பவரின் உறுதிமொழியை நம்பிக் கையெழுத்திடுவது

இன்னமும் எரிச்சலூட்டுவது இதுதான். அண்மையில் ஒரு பேச்சுவார்த்தையில், ஆலையின் மாசுக் கட்டுப்பாட்டு அனுமதி காலாவதியாகிவிட்டதைச் சுட்டிக்காட்டினேன். "இழப்பீட்டுப் பிரிவு இருக்கிறதே சார்" என்று வாங்கும் தரப்பு இளைஞர் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார். அந்த இழப்பீட்டை எந்தப் பணத்திலிருந்து வசூலிப்பாராம்?

ஜப்பானின் மருந்து நிறுவனமான டாய்ச்சி சாங்கியோவைக் கேட்டால் தெரியும். 2008 ஜூனில் இந்திய மருந்து நிறுவனமான ரான்பாக்ஸியின் பெரும்பான்மைப் பங்குகளை, பங்குக்கு 737 ரூபாய் விலையில் வாங்க ஒப்புக்கொண்டது. ரான்பாக்ஸியின் பவோன்டா சாஹிப் ஆலைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-லேயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்தது. 2007-ல் நியூ ஜெர்சி அலுவலகத்தில் சோதனையும் நடந்தது. இவை ஊரறிந்த செய்திகள். பரிசோதனைத் தரவுகள் புனையப்பட்டதைச் சொன்ன 2004-ஆம் ஆண்டு உள் அறிக்கைதான் வாங்கியவர் கண்ணில் படவில்லை. அந்த 2008 செப்டம்பரிலேயே ரான்பாக்ஸியின் 30-க்கும் மேற்பட்ட மருந்துகளின் இறக்குமதிக்கு அமெரிக்கா தடை விதித்தது. 2013-ல் ரான்பாக்ஸி குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது.

உண்மையை மறைத்ததற்காக, விற்றவர்கள் சுமார் 2,562 கோடி ரூபாய் தர வேண்டும் என்று 2016-ல் சிங்கப்பூர் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. பிறகு டெல்லி உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், அவமதிப்பு வழக்கு என்று வசூலுக்காகவே ஆண்டுக்கணக்கில் அலைச்சல். பணம் கைமாறிய பிறகு விற்றவரிடம் சொத்து மிஞ்சியிருக்கும் என்பதற்கு யார் பொறுப்பு?

அதனால், விலையில் ஒரு பகுதியை எஸ்க்ரோ கணக்கில், அதாவது நிபந்தனை நிறைவேறும்வரை மூன்றாம் தரப்பிடம் இருக்கும் கணக்கில், நிறுத்தி வையுங்கள். குறைந்தது முதல் முழு ஆண்டுத் தணிக்கை முடியும்வரை விடுவிக்காதீர்கள். முன்பே தெரிந்த சிக்கலென்றால் விலையைக் குறையுங்கள். தரவுத் திருட்டுகள் வெளிவந்ததும் யாஹூவை வாங்கவிருந்த வெரிசோன் விலையில் 35 கோடி டாலரைக் குறைத்தது 2017-ல். பணத்தைக் கொடுப்பதற்கு முன்பே. கட்டுப்பாட்டு அமைப்புடனான கடிதங்களைச் சுருக்கமாக வாங்காமல் முழுமையாகக் கேளுங்கள். ஆலையின் தரக் கட்டுப்பாட்டுத் தலைவரிடம் மேலாளர் இல்லாத அறையில் பேசுங்கள். விற்பவர் பார்வைக்கு வைக்கும் ஆவணத் தொகுப்பான தரவு அறையில் இல்லாத காகிதம் அவர் மேசையில் இருக்கும்.

கணினிப் பாதுகாப்பைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது

மாரியட் ஹோட்டல் நிறுவனம் 2016-ல் இன்னொரு ஹோட்டல் நிறுவனமான ஸ்டார்வுட்டை வாங்கியபோது, தரவுத் திருடன் 2014 முதலே அதன் கணினிகளுக்குள் இருந்தான். 2018-ல்தான் தெரிந்தது.

ஒப்பந்தத்தை முடிக்கும் தேதியை ஊருக்கு அறிவிப்பது

அதன்பிறகு விற்பவர் எதற்கும் இறங்கி வர மாட்டார்.

வாங்கலாமா என்று முதலீட்டு வங்கியாளரைக் கேட்பது

ஒப்பந்தம் முடிந்தால்தான் அவருக்குக் கட்டணத்தின் பெரும்பகுதி.