ஓவனில் பேக்கன்: மொறுமொறுப்பைக் கெடுக்கும் தவறுகள்

பேக்கனை ஓவனில் செய்வது வாணலியில் பொரிப்பதைவிடச் சுலபம். கொழுப்பு கையில் தெறிக்காது, ஒவ்வொரு துண்டாகத் திருப்பிக்கொண்டு அடுப்பருகே நிற்க வேண்டாம், ஒரே ஈட்டில் பத்துப் பன்னிரண்டு துண்டுகள் தயாராகிவிடும். ஆனாலும் பலருக்கு ஓரம் கருகி நடுப்பகுதி சவசவவென்று வருகிறது. சிலருக்கு வீடு முழுக்கப் புகை. ‘ஓவன் சரியில்லை’ என்று முடிவு கட்டுவதற்கு முன், அந்தத் துண்டுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பேக்கன் என்பது பெரும்பாலும் பன்றியின் வயிற்றுப்பகுதியை உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி. கொழுப்பும் சதையும் மாறி மாறி அடுக்காக இருக்கும். சதையில் தண்ணீர் நிறைய உண்டு. ஓவனில் வைத்ததும் முதலில் இந்தத் தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டும். அது போகும்வரை, ஓவன் எத்தனை டிகிரியில் இருந்தாலும், துண்டின் சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியேதான் இருக்கும். நிறம் மாறாது, மொறுமொறுப்பும் வராது. அதே நேரத்தில் கொழுப்பு மெல்ல உருகித் தட்டில் இறங்கும். ஈரம் குறைந்து மேற்பரப்பு 140 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் பழுப்பு நிறமும் அந்த மணமும் கிளம்பும். ஆக, தண்ணீர் வெளியேற வேண்டும், கொழுப்பு இறங்க வேண்டும், அதற்குள் சதை கருகிவிடவும் கூடாது. ஓவனில் நடக்கும் தவறுகள் எல்லாமே இந்த மூன்றில் ஒன்றைக் கெடுப்பவைதான்.

வாங்கும்போதே நடக்கும் தவறு

எல்லாப் பேக்கனும் ஒரே மாதிரி மொறுமொறுப்பாக வராது. வயிற்றுப்பகுதியில் வெட்டிய, கோடு கோடாகக் கொழுப்பு ஓடும் வகைதான் இதற்குத் தோது. முதுகுப்பகுதியில் வெட்டிய வகையில் சதை அதிகம், கொழுப்பு ஓரத்தில் மட்டும். அதை எவ்வளவு நேரம் வைத்தாலும் காய்ந்து கெட்டியாகுமே தவிர, நொறுங்காது. வான்கோழி பேக்கனில் உருகி இறங்கவே போதிய கொழுப்பு கிடையாது. அதற்கு மேலே கொஞ்சம் எண்ணெய் தடவித்தான் வைக்க வேண்டும். வயிற்றுப்பகுதிப் பேக்கனுக்கோ ஒரு சொட்டு எண்ணெய்கூட வேண்டாம்.

தடிமனையும் கவனியுங்கள். வழக்கமான துண்டு ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். தடித்த வகை மூன்று மில்லிமீட்டர் வரும். இரண்டையும் ஒரே தட்டில் கலந்து வைத்தால் மெல்லியது கருகும் நேரத்தில் தடித்தது பாதிகூட வெந்திருக்காது.

உப்பு அதிகமாக இருக்கிறதே என்று பேக்கனைக் கழுவுகிறவர்கள் உண்டு. கழுவுவதால் உப்பு பெரிதாகக் குறைவதில்லை. பச்சை இறைச்சியில் பட்ட தண்ணீர் சமையல்மேடை எங்கும் தெறிக்கிறது. ஓவன் விரட்ட வேண்டிய ஈரத்தை நாமே கூடுதலாகச் சேர்த்ததுதான் மிச்சம். பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது ஈரமாக இருந்தால் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்தால் போதும்.

ஃப்ரீஸரில் உறைந்த கட்டியை அப்படியே தட்டில் வைப்பதும் வேண்டாம். முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். உறைந்த துண்டுகளைப் பிரிக்கப் பார்த்தால் கிழியும், பிரிக்காமல் வைத்தால் நடுவில் வேகாது.

தட்டும் தாளும்

பிஸ்கட் சுடும், விளிம்பே இல்லாத தட்டையான தட்டில் பேக்கனை வைப்பது ஆபத்து. பேக்கன் வேகும்போது தன் எடையில் பாதிக்கு மேல் இழக்கிறது. அதில் ஒரு பகுதி ஆவியாகப் போகும், மீதி உருகிய கொழுப்பாகத் தட்டில் நிற்கும். விளிம்பில்லாத தட்டிலிருந்து அது வழிந்து ஓவனின் அடியில் விழுந்தால் முதலில் புகை வரும், சமயத்தில் தீயே பிடிக்கும். குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் உயரமாவது விளிம்பு இருக்க வேண்டும். தட்டு கனமாக இருப்பது இன்னும் நல்லது. மெல்லிய தகரத் தட்டு சூட்டில் ‘டொப்’ என்று ஒரு பக்கம் வளைந்துகொள்ளும். கொழுப்பெல்லாம் ஒரே மூலைக்கு ஓடும். அந்த மூலையில் உள்ள துண்டுகள் கொழுப்பில் மூழ்கிப் பொரியும், எதிர் மூலையில் உள்ளவை வறண்டு கருகும்.

தட்டில் விரிக்கும் தாளில்தான் பெரிய குழப்பமே. ஓவன் சூட்டைத் தாங்கும், ஒட்டாத தாளான பார்ச்மென்ட் பேப்பரும் மெழுகுத்தாளும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். மெழுகுத்தாள் ஓவனுக்கானது அல்ல. மெழுகு உருகிப் புகையும். பார்ச்மென்ட் பேப்பரிலும் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள், பெரும்பாலும் 215-இலிருந்து 230 டிகிரிக்குள். தட்டின் அளவுக்கு வெட்டிப் போடுங்கள். தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தாள் சூடேற்றும் கம்பியில் பட்டால் பற்றிக்கொள்ளும். அலுமினியம் ஃபாயிலும் போடலாம். எங்காவது ஓட்டை இருந்தால் கொழுப்பு அடியில் இறங்கிவிடும், தட்டைத் தேய்க்கும் வேலை மிச்சமாகாது.

கம்பி ரேக்கில் வைத்தால்தான் மொறுமொறுப்பு வரும் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரேக்கில் வைத்தால் கொழுப்பு கீழே சொட்டிவிடும், துண்டைச் சுற்றிச் சூடான காற்று மட்டுமே இருக்கும். காற்றைவிட, சூடான கொழுப்பும் உலோகமும் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். தட்டில் நேராகக் கிடக்கும் துண்டு தன் கொழுப்பிலேயே பொரிந்து அடிமுதல் ஓரம்வரை சீராகச் சிவக்கிறது. ரேக்கில் உள்ளதோ கொஞ்சம் வறட்சியாக, எளிதில் உடைவதாக வருகிறது. அந்த வறட்சி பிடித்தவர்கள் தாராளமாக ரேக்கைப் பயன்படுத்தலாம், ஒவ்வொரு கம்பியையும் தேய்த்துக் கழுவப் பொறுமை இருந்தால்.

துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படும்படி அடுக்குவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. ‘வெந்ததும் சுருங்கிவிடும், இடம் கிடைத்துவிடும்’ என்று நினைத்து நெருக்கி வைக்கிறார்கள். சுருங்குவது உண்மைதான். ஆனால் சுருங்குவதற்குள் மேலே கிடக்கும் துண்டு கீழே உள்ளதின் ஆவியை அடைத்துவிடுகிறது. அந்த இடம் வேகுமே ஒழியப் பொரியாது. கடைசியில் இரண்டும் ஒட்டிக்கொண்டு, வெளுத்த பட்டையாக நிற்கும். பக்கத்துப் பக்கம் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் பரவாயில்லை, ஏறிக் கிடக்கக் கூடாது. இடம் போதவில்லை என்றால் இரண்டாவது தட்டு எடுங்கள். பாதி நேரம் ஆனதும் இரண்டு தட்டுகளையும் மேல் கீழாக மாற்றி, முன்பக்கம் பின்னால் வரும்படி திருப்பியும் வையுங்கள்.

சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் ஆகுமா?

ஆகாது. 230 டிகிரிக்குக் கூட்டினால் கொழுப்பு முழுதாக உருகுவதற்குள் சதைப்பகுதி கருகத் தொடங்கிவிடும். வெளியே கறுப்பு, உள்ளே ரப்பர் மாதிரி வெள்ளைக் கொழுப்பு. தெறிக்கும் கொழுப்பு ஓவன் சுவரில் பட்டு, புகையும் அதிகமாகும். சூட்டை ஒரேயடியாகக் குறைத்தாலும் சரிவராது. 150 டிகிரியில் கொழுப்பு அழகாக இறங்கும். ஆனால் சிவக்க நீண்ட நேரம் பிடிக்கும், அதற்குள் சதை இறுகித் தோல் போல ஆகிவிடும்.

200 டிகிரிதான் பதமான சூடு. விசிறி ஓடும் ஓவன் என்றால் 180 போதும், ஏனென்றால் ஓடும் காற்று வேகமாக உலர்த்தும். தட்டு நடு அடுக்கில் இருக்கட்டும். மேலடுக்கில் வைத்து மேல் கம்பியை மட்டும் எரியவிடும் க்ரில் முறை பேக்கனுக்கு வேண்டவே வேண்டாம். கொழுப்பு மேலே தெறித்துக் கம்பியில் படும்.

தேன், மேப்பிள் சிரப், சர்க்கரை சேர்த்துப் பதப்படுத்திய பேக்கன் தனி ரகம். சர்க்கரை, சதைக்கு முன்பே கருகிக் கசந்துவிடும். அதற்கு 175 டிகிரி வைத்துக்கொண்டு, கூடுதலாகச் சில நிமிடங்கள் கொடுப்பதே சரி. அதற்குப் பார்ச்மென்ட் பேப்பர்தான் ஏற்றது, ஃபாயிலில் பிடித்துக்கொள்ளும்.

ஓவனை முன்கூட்டியே சூடாக்க வேண்டுமா, குளிர்ந்த ஓவனிலேயே வைக்கலாமா? இரண்டுமே சரிதான். குளிர்ந்த ஓவனில் வைத்தால் கொழுப்பு மெதுவாக உருகத் தொடங்கும், தடித்த துண்டுகளுக்கு இது நன்றாகவே வருகிறது. ஆனால் ஒவ்வொரு ஓவனும் சூடேற எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. யாரோ சொன்ன நிமிடக்கணக்கு உங்கள் ஓவனுக்குப் பொருந்தாது. சில மின்சார ஓவன்கள் சூடேறும்போது மேல் கம்பியை முழு வேகத்தில் எரியவிடும். அவற்றில் குளிர்ந்த தொடக்கம் மேற்பரப்பைத் தீய்த்துவிடும். நேரத்தை நம்பிச் சமைக்கிறவர்கள் முன்கூட்டியே சூடாக்கிக்கொள்வதே பாதுகாப்பு.

ஓவனின் குமிழ் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பது அபூர்வம். பத்து இருபது டிகிரி கூடக்குறைய இருக்கும். எப்போதுமே சீக்கிரம் கருகுகிறது, அல்லது எப்போதுமே நேரமாகிறது என்றால், ஓவனுக்குள் வைக்கும் சிறிய தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் பாருங்கள். பிரச்சினை அங்கேதான் இருக்கும்.

கடைசி மூன்று நிமிடம்

மெல்லிய துண்டுக்குப் பன்னிரண்டு நிமிடம், வழக்கமானதற்குப் பதினைந்து முதல் பதினெட்டு, தடித்ததற்கு இருபது முதல் இருபத்தைந்து என்று ஒரு கணக்குச் சொல்லலாம். ஆனால் அலாரம் அடிக்கும்வரை வேறு வேலையில் இருந்தால் பேக்கன் கைதவறிப்போகும். தொடக்கத்தில் பத்து நிமிடம் பெரிதாக ஒன்றும் நடக்காது, தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கதவைத் திறந்து திறந்து பார்ப்பது சூட்டைத்தான் வீணாக்கும். தண்ணீர் தீர்ந்த பிறகு சூடு வேகமாக ஏறும். பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவே இரண்டு மூன்று நிமிடம்தான்.

அப்போது தட்டு நிறையத் தகவல் தரும். முதலில் பெரிய குமிழிகளோடு சத்தமாகப் பொரிந்தது கொஞ்சம் அடங்கும். துண்டின் மேல் பொடிப் பொடியாக வெண்ணுரை எழும்பும். கொழுப்புப் பட்டை வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி போலாகி, பிறகு தேன் நிறத்துக்கு வரும். சதை அடர்ந்த செம்பழுப்பாகும். இந்தக் கட்டத்தில் இடுக்கியால் ஒரு துண்டை நடுவில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். இரண்டு முனையும் துவண்டு தொங்கினால் இன்னும் நேரம் இருக்கிறது. லேசாக மட்டும் வளைந்து நின்றால் எடுத்துவிடலாம்.

ஓவனிலேயே முழு மொறுமொறுப்பை எதிர்பார்ப்பதுதான் கருகலுக்கு முக்கியக் காரணம். சூடாக இருக்கும்போது உள்ளே இருக்கும் கொழுப்பு திரவமாக இருக்கும். அதனால் துண்டு கொஞ்சம் நெகிழ்வாகவே தெரியும். வெளியே எடுத்து இரண்டு நிமிடம் ஆறியதும்தான் இறுகி நொறுங்கும் பதத்துக்கு வரும். நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்னதாகவே எடுங்கள். சூடான தட்டிலும் சிறிது நேரம் வேகும். ஓரத்துத் துண்டுகள் முதலில் தயாராகிவிட்டால் அவற்றை மட்டும் எடுத்துவிட்டு மீதியைத் திரும்ப உள்ளே தள்ளுங்கள். எல்லாம் ஒன்றாகத்தான் வெளியே வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

கருகலை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் கசப்பு மட்டும் காரணமில்லை. பேக்கனைப் பதப்படுத்த நைட்ரைட் சேர்ப்பது வழக்கம். அதிகச் சூட்டில், அதிக நேரம் வேகும்போது அதிலிருந்து நைட்ரோசமைன் என்னும் வேதிப்பொருள்கள் உருவாகின்றன. அவற்றில் சில புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் பதப்படுத்திய இறைச்சி வகைகளையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஆகவே அளவாகச் சாப்பிடுங்கள், கறுத்துப்போனதைத் தூக்கிப் போடுங்கள்.

வெளியே எடுத்த பிறகு

நன்றாக வந்த பேக்கன் பாழாவது பெரும்பாலும் இங்கேதான். தட்டில் நிற்கும் கொழுப்பிலேயே விட்டுவைத்தால் அது ஊறித் தளர்ந்துவிடும். உடனே இடுக்கியால் எடுத்து டிஷ்யூ பேப்பரில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். சூட்டோடு குவித்தாலோ டப்பாவில் போட்டு மூடினாலோ, விரட்டிய ஈரம் ஆவியாகத் திரும்பிவரும்.

தட்டை எடுக்கும்போது அவசரம் வேண்டாம். உள்ளே கொதிக்கும் கொழுப்பு தளும்பும். கையுறை தடிமனாகவும் உலர்ந்ததாகவும் இருக்க வேண்டும். ஈரத்துணி சூட்டைச் சட்டென்று கைக்குக் கடத்திவிடும். ஓவனுக்குள் தீப்பிடித்தால் ஓவனை அணைத்துவிட்டுக் கதவை மூடியே வையுங்கள். காற்று கிடைக்காமல் தானே அடங்கும். அடங்கவில்லை, அல்லது வெளியே பரவுகிறது என்றால் எல்லோரும் வெளியேறித் தீயணைப்புத் துறையை அழையுங்கள். தண்ணீர் ஊற்றுவது, எரியும் தட்டை வெளியே இழுப்பது இரண்டும் கூடவே கூடாது.

உருகிய கொழுப்பைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் ஆறி உறைந்து அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் ஆறியதும் வடிகட்டிக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் முட்டை பொரிக்கவும் உருளைக்கிழங்கு வறுக்கவும் உதவும். கறுத்த துகள்கள் கலந்திருந்தால் அடுத்த முறை சூடாக்கும்போது அவை தீயும், அதனால் வடிகட்டுவதை விட்டுவிட வேண்டாம்.

மீந்த பேக்கனை ஃப்ரிட்ஜில் நான்கு நாள் வரை வைக்கலாம். திரும்பச் சூடாக்க 180 டிகிரி ஓவனில் நான்கைந்து நிமிடம் போதும். அப்போது மேலே ஃபாயில் போட்டு மூடாதீர்கள், திறந்தபடியே வையுங்கள்.