உயில்: வயதான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே முதல் தவறு

தாம்பரம் பக்கம் வங்கிக் கடன் போட்டு வீடு வாங்கும் முப்பத்தைந்து வயதுக்காரர் உயிருக்குக் காப்பீடு எடுக்கிறார், காருக்கு எடுக்கிறார், வீட்டுக்கும் எடுக்கிறார். உயில் எழுதச் சொன்னால் மட்டும், "எனக்கு அப்படி என்ன வயதாகிவிட்டது?" என்று கேட்கிறார். வீட்டுப் பெரியவர்களோ அந்தப் பேச்சையே அபசகுனம் என்று தடுத்துவிடுகிறார்கள். 18 வயது நிறைந்து, தெளிந்த மனநிலையில் இருக்கும் எவரும் உயில் எழுதலாம். சுயசம்பாத்தியம் என்று ஏதாவது வந்துவிட்டாலே எழுதிவைப்பதுதான் சரி.

"நான் போனால் எல்லாம் மனைவிக்குத்தானே" என்ற நம்பிக்கைதான் பெரும்பாலோரை எழுதவிடாமல் தடுக்கிறது. அது தவறான நம்பிக்கை. இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோர் முதல் வகுப்பு வாரிசுகள். 60 லட்சம் ரூபாய் வீடு என்றால், ஒரே குழந்தை இருக்கும் குடும்பத்தில் மனைவிக்கு 20 லட்சம், குழந்தைக்கு 20 லட்சம், தாய்க்கு 20 லட்சம். தந்தைக்கு ஒன்றும் கிடையாது. அவர் இரண்டாம் வகுப்பில் வருகிறார், முதல் வகுப்பில் யாரும் இல்லாவிட்டால்தான் அவருக்கு முறை வரும். மகனை நம்பி வாழ்ந்த தகப்பனாராக இருந்தாலும் அதே நிலைதான்.

இதோடு முடிவதில்லை. கடனை அடைக்க முடியாமல் மனைவி அந்த வீட்டை விற்க நினைத்தால், மைனர் குழந்தையின் பங்கை விற்க நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். மாமியார் கையெழுத்துப் போட வேண்டும். அவரும் உயில் எழுதாமல் காலமாகிவிட்டால், அவருடைய பங்கில் மற்ற பிள்ளைகளும் உரிமையோடு வந்து நிற்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலேயே ஒரு குடும்பம் கோர்ட் படி ஏறுவது இப்படித்தான். கிறிஸ்தவக் குடும்பங்களில் கணக்கு வேறு: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருந்தால் பெற்றோருக்கு எதுவும் வராது. இஸ்லாமியர்கள் பொதுவாகச் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் உயில் எழுத முடியும். அதற்கு மேல் போனால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

பெண்கள் உயில் எழுதாமல் இருப்பதைத்தான் நான் இன்னும் பெரிய ஆபத்தாகப் பார்க்கிறேன். இந்துப் பெண் ஒருவர் கணவரும் பிள்ளைகளும் இல்லாத நிலையில் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து பெற்றோருக்குப் போவதற்கு முன் கணவரின் வாரிசுகளுக்குப் போகிறது. 2009-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இதை நெஞ்சில் அறைகிற மாதிரி காட்டியது. திருமணமான மூன்றே மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்துவிட, புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்ட ஒரு பெண். பெற்றோர் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனார், வங்கியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் சேர்த்தார், 1996-இல் உயில் எழுதாமல் இறந்தார். அவருடைய தாய் உரிமை கோரியும், அந்தப் பணம் கணவரின் சகோதரி பிள்ளைகளுக்கே என்று தீர்ப்பானது. சட்டம் அப்படி இருக்கும்போது அனுதாபம் பார்க்க முடியாது என்றது நீதிமன்றம். ஒரு தாளில் நான்கு வரி எழுதியிருந்தால் அந்தத் தாய்க்குக் கிடைத்திருக்கும். பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உடனே உயில் எழுதிவைக்க வேண்டும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றமே வேண்டுகோள் விடுத்தது. வேலைக்குப் போகும் ஒவ்வொரு பெண்ணும் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

"நாமினி போட்டிருக்கிறேனே, போதாதா?" என்றும் கேட்கிறார்கள். போதாது. வங்கியோ நிறுவனமோ பணத்தை யார் கையில் கொடுக்க வேண்டும் என்பதற்குத்தான் பொதுவாக நாமினி. வாங்கியவர் அதை வாரிசுகளுக்காகவே வைத்திருக்கிறார். பங்குகளுக்கும் இதே விதிதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கல்யாணத்துக்கு முன் அம்மாவையோ அண்ணனையோ நாமினியாகப் போட்டுவிட்டு அப்படியே மறந்துபோனவர்கள் நம்மில் ஏராளம்.

நோய்வாய்ப்பட்ட பிறகு, மருத்துவமனைப் படுக்கையில் அவசரமாக எழுதும் உயில்தான் கோர்ட்டில் அதிகம் தடுமாறுகிறது. எழுதியவருக்கு நினைவு தெளிவாக இருந்ததா, கை நடுங்கியதா, சொத்தைப் பெறப்போகிறவரே பக்கத்தில் நின்று எழுத வைத்தாரா என்ற கேள்விகள் வரிசையாக வரும். சந்தேகத்துக்கு இடம் தரும் சூழ்நிலைகளை உயிலை முன்வைப்பவரே விளக்கித் தீர்க்க வேண்டும் என்று 1958-இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றைக்கும் மேற்கோளாகிறது. ஓடியாடி வேலை பார்க்கும் வயதில் எழுதிய உயிலை அப்படி அசைப்பது கடினம். சீக்கிரம் எழுதச் சொல்வதற்கு மரண பயம் காரணமல்ல, இதுதான் காரணம்.

எழுதும்போது நேரும் தவறுகளில் சாட்சிக் கையெழுத்தே முக்கியம். குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். நீங்கள் கையெழுத்திடுவதை அவர்கள் பார்க்க வேண்டும். உங்கள் முன்னிலையில் அவர்களும் கையெழுத்திட வேண்டும். தாளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி ஒப்பம் வாங்கி வருவது உயிலையே கவிழ்த்துவிடும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிக்குத் தெரிய வேண்டியதில்லை. உயிலால் பயன்பெறுகிறவரையோ அவருடைய கணவரையோ மனைவியையோ சாட்சியாகப் போடாதீர்கள். கிறிஸ்தவர்கள் விஷயத்தில் அந்தச் சாட்சிக்கான பங்கே செல்லாமல் போய்விடும். உங்களைவிட மூத்தவர்களைத் தேடிப் பிடிப்பதும் சரியல்ல. பிற்காலத்தில் கூண்டேறி, "என் கண்முன்தான் கையெழுத்திட்டார்" என்று சொல்ல ஒரு சாட்சியாவது வேண்டும்.

முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்வதையே நான் பரிந்துரைப்பேன். பதிந்தால் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம்: வில்லங்கச் சான்றிதழில் உயில் வராது, நீங்கள் உயிரோடு இருக்கும்வரை நகலை வேறு யாரும் தம் விருப்பத்துக்கு வாங்க முடியாது. "என் வீடு", "ஊர் நிலம்" என்று மொட்டையாக எழுதாமல் சர்வே எண், நான்கெல்லை, பத்திர எண் எல்லாம் குறிப்பிடுங்கள். இனி வாங்கப்போகும் சொத்துக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை இருந்தால், பெற்றோர் இருவரும் இல்லாமல் போகும் நிலையில் யார் கார்டியன் என்பதையும் எழுதுங்கள்.

உயில் என்று நினைத்து செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடும் பெற்றோரும் உண்டு. செட்டில்மென்டில் சொத்து அன்றைக்கே கைமாறுகிறது. மனம் மாறினாலும் எளிதில் திரும்ப வாங்க முடியாது. உயில் உங்கள் காலத்துக்குப் பிறகுதான் செல்லுபடியாகும், எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். திருமணம், குழந்தை, விவாகரத்து, புதுச் சொத்து என்று ஏதாவது நடந்தால் எடுத்துப் பாருங்கள். கிறிஸ்தவர்களுக்குத் திருமணமானதும் பழைய உயில் தானாகவே ரத்தாகிவிடும். புதிதாக எழுத வேண்டும். தேதி குறிப்பிட்டு, முந்தையது ரத்து என்றும் எழுதுங்கள்.

எழுதிய உயிலை, உங்களைத் தவிர யாரும் திறக்க முடியாத லாக்கரில் பூட்டிவைத்தால் தேவைப்படும் நேரத்தில் கையில் கிடைக்காது. முத்திரையிட்ட உறையில் போட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வசதி இருக்கிறது. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை, உயிலை நிறைவேற்ற நீங்கள் நியமித்தவரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.