கோஸ்ட் கார்டிலிருந்து (கரையோரக் காவல் படை) பென்சனில் மட்டக்களப்புக்கு வருகிறவர் தொழில் பிடிப்பது எப்படி

இருபது வயதில் சேர்ந்து 22 வருடம் முடித்து வருகிறவருக்கு 42 வயதுதான். பிள்ளைகள் ஓ.எல். படிக்கிற நேரம், பென்சன் காசு அரிசிக்கும் கரண்ட் பில்லுக்கும் சரி, டியூஷனுக்கு இடிக்கும். அந்த அவசரத்தில் நம்ம ஆட்கள் ஏதாவது ஒரு வாசலில் செக்கியூரிட்டியாகப் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த வேலையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வள்ளம் ஓட்டத் தெரிந்த, இஞ்சின் கழற்றத் தெரிந்த, கடலில் விழுந்தவரைத் தூக்கிக் காப்பாற்றத் தெரிந்த கை கேற்றைத் திறந்து மூடிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

வெளியே வர ஒரு வருடம் இருக்கும்போதே கடதாசி வேலையைத் தொடங்குங்கள். கோஸ்ட் கார்ட் 2009ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தனித் திணைக்களம், ஆனால் நம்மில் பலர் நேவியிலிருந்து போனவர்கள், ஆகவே உங்கள் பதிவுகள் இரண்டு இடத்தில் கிடக்கலாம். செய்த கோர்ஸ் எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வாங்குங்கள், சிங்களத்தில் மட்டும் இருந்தால் ஆங்கிலத்திலும் எடுங்கள். ‘கடல் சேவை செய்தார்’ என்று ஒற்றை வரியில் தந்தால் வெளியில் செல்லாது. எத்தனை அடி வள்ளம், எத்தனை குதிரைவலு, நீங்கள் ஓட்டினீர்களா, இஞ்சின் பார்த்தீர்களா, ரேடியோவில் இருந்தீர்களா, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று பிரித்து எழுதி அதிகாரியின் கையெழுத்து வாங்குங்கள். கழன்று வந்த பிறகு இதே கையெழுத்துக்கு அலைவது பெரிய பாடு.

அந்தக் கடதாசிகளை வைத்துக்கொண்டு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ்) எடுக்கலாம். ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்கள் முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை ஒன்று இருக்கிறது, செய்து காட்டினால் மட்டம் தருவார்கள். கப்பலுக்கோ ஆழ்கடல் போட்டுக்கோ போக நினைப்பவர் சமுத்திரப் பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பு நிலையத்தில் எந்தக் கோர்ஸ் எப்போது தொடங்குகிறது என்று கேட்டு வையுங்கள்.

சரி, ஊருக்கு வந்தாயிற்று. என்ன செய்வது?

நம்ம கடலுக்கு இரண்டு முகம். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் ஆட்கள் நிறைவார்கள், ஹோட்டல்காரருக்கு உயிர்காப்பாளரும் போட் ஓட்டியும் தேவை. ஐப்பசியில் வாடை தொடங்கிவிட்டால் வள்ளங்கள் கரையேறும். அதனால் ஒரே தொழிலை நம்பாமல் வெயிலுக்கு ஒன்று, மாரிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மாரிக்கு என் தெரிவு அவுட்போட் இஞ்சின், அதாவது வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற இஞ்சின் திருத்தம். கரையில் சும்மா நிற்கிற இஞ்சினைக் கழற்றிப் பார்க்க அதைவிட நல்ல காலம் இல்லை. பணிக்கொடைக் காசு கையில் வந்ததும் ஆழ்கடல் போட் வாங்கச் சொல்லிப் பலர் ஆசை காட்டுவார்கள், எண்ணெயும் ஐசும் ஆள்கூலியும் அந்தக் காசை எப்படித் தின்னும் என்று வாழைச்சேனைத் துறைமுகத்தில் நின்று இரண்டு முதலாளிமாரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பட்டறைக்குக் கம்பிரஷன் கேஜ், பிளைவீல் புல்லர், டோர்க் ரென்ச், ஒரு பெரிய பிளாஸ்டிக் பீப்பா போதும்.

பீப்பா எதற்கென்றால், முகத்துவாரத்தில் வள்ளம் பிரண்டு இஞ்சின் உப்புத் தண்ணீர் குடித்துவிட்டது என்று ஒருநாள் கட்டாயம் ஒருவர் தூக்கிக்கொண்டு வருவார். உடனே கயிற்றை இழுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, பிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். இறுகினால் நிறுத்துங்கள், ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கியிருந்தால் கொனெக்டிங் ரொட் வளைந்திருக்கலாம், பலவந்தம் பண்ணினால் மிச்சமும் போய்விடும். இறுகாவிட்டால் நல்ல தண்ணீரில் கழுவி, சிலிண்டருக்குள் போன தண்ணீரை வெளியேற்றி, கார்பரேட்டரைத் துடைத்து, எண்ணெய் விட்டு அன்றைக்கே ஓடவிடுங்கள். அன்றைக்குப் பார்க்க முடியாதென்றால் பீப்பாவில் நல்ல தண்ணீர் நிரப்பி இஞ்சினை அப்படியே அதற்குள் இறக்கி வையுங்கள். உப்பும் காற்றும் சேர்ந்தால் ஒரே இரவில் துரு ஏறும்.

வெயில் கால வேலையில் ஒரு எச்சரிக்கை. மீன்பிடிக்கென்று பதிந்த வள்ளத்தில் காசு வாங்கி ஆள் ஏற்றாதீர்கள், அதற்கு வேறு அனுமதியும் காப்புறுதியும் வேண்டும். பாசிக்குடா வெகுதூரம் முழங்கால் தண்ணீர் என்பதால் குளிக்கிறவர்கள் போட் ஓடும் பக்கம் வரைக்கும் நடந்தே வந்துவிடுவார்கள், அங்கே அலையைவிட புரொப்பெல்லர்தான் பயம். கல்லடிக் கடல் அப்படியல்ல, திறந்த கடல். ஆளைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரைக்கு நேரே நீந்தாமல் கரையோரமாக நீந்தி வெளியேற வேண்டும் என்று கடலோரப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலம் சொல்லிக் கொடுங்கள், காசு கேட்காமல். தாய் தகப்பன் உங்களைத் தேடி வருவார்கள்.

கடைசியாக, யாரும் சொல்லித் தராத விஷயம். தடைசெய்த தங்கூசி வலை (ஒற்றை இழை நைலோன் வலை) வைத்திருந்ததற்காகவும் சுருக்கு வலைக்காகவும் (மீன் கூட்டத்தை வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் வலை) நீங்கள் மறித்த ஆட்கள் இதே கரையில்தான் இருக்கிறார்கள், நாளைக்கு இஞ்சின் கொண்டு வரப்போவதும் அவர்கள்தான். சர்வீஸ் ரீசேட்டைப் போட்டுக்கொண்டு வாடிக்கு (கரையில் மீனவர் தங்கும் கொட்டில்) போகாதீர்கள். முதலில் மீனவர் சங்கத் தலைவரைப் போய்ப் பாருங்கள், வயதானவரென்றால் அண்ணன் என்றோ மாமா என்றோ கூப்பிடுங்கள், பழைய ரேங்க்கைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். ‘அண்டைக்கு என்ர வலையப் பறிச்சது நீதானே’ என்று ஒருவர் கேட்பார். ‘ஓம் அண்ணன், நான்தான்’ என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடியுங்கள். மன்னிப்பும் கேட்க வேண்டாம், சட்டமும் பேச வேண்டாம்.

கூலியைக் கையில் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், மாரியில் யாரிடமும் காசு இருக்காது. ஒரு சி.ஆர். கொப்பியில் பெயர், இஞ்சின் நம்பர், மாற்றிய சாமான், தொகை நான்கையும் எழுதி அவர் கையெழுத்தையும் வாங்குங்கள். சாமானின் விலையை மட்டும் முன்னுக்கு வாங்கிவிட்டு, கூலியைக் கடல் இறங்கி மீன் பட்ட பிறகு கேளுங்கள்.