கற்பூரவள்ளி சீஸ் பிரெட்: பொந்து விழாமல் வீட்டிலேயே சுடும் முறை

நம் ஊர் பேக்கரி பிரெட்டில் இனிப்பு எப்போதும் ஒரு படி தூக்கலாகவே இருக்கும். உப்பும் வாசனையும் முன்னே நிற்கிற, சீஸ் உருகி மாவோடு ஒன்றிப்போன பிரெட் வேண்டுமென்றால் வீட்டில் சுட்டுக்கொள்வதுதான் நல்லது. இதற்கான செய்முறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலானவை குளிர்ந்த நாட்டுச் சமையலறைகளுக்காக எழுதப்பட்டவை; சென்னை, மதுரை வெயிலில் அந்த நேரக் கணக்குகள் ஒத்துவராது. அதைவிட முக்கியமாக, பிரெட்டை வெட்டியதும் நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற பொந்தைப் பற்றி அவை பேசுவதே இல்லை. இந்தப் பதிவில் நான் அதிக நேரம் நிற்கப்போவது அந்த இடத்தில்தான்.

சீஸ் பிரெட் கெடுவது பெரும்பாலும் ஓவனில் அல்ல. சீஸும் இலையும் மாவுக்குள் கொண்டுவருகிற தண்ணீரையும் கொழுப்பையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதை மட்டும் கவனித்தால் மற்றதெல்லாம் சாதாரண பிரெட்தான்.

தேவையானவை

மைதா 300 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம், சர்க்கரை 10 கிராம், உப்பு 4 கிராம், பால் 100 மி.லி., தண்ணீர் 90 மி.லி., வெண்ணெய் 25 கிராம், சீஸ் 120 கிராம், பூண்டு 6 பல், கற்பூரவள்ளி 5 அல்லது 6 நடுத்தர இலைகள், ஒரு கைப்பிடி கொத்தமல்லி, ஒன்றிரண்டாக இடித்த மிளகு. பிரெட் டின் 8 அங்குல நீளம், 4 அங்குல அகலம்.

உப்பு குறைவாகத் தெரியலாம். மாவு எடையில் 2 சதவீதம் உப்பு என்பது பிரெட்டின் பொதுக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 6 கிராம் வர வேண்டும். மீதியைச் சீஸ் கொடுத்துவிடும்.

கிராமில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கப் மைதா என்பது அள்ளுகிற கையைப் பொறுத்து 120 கிராமாகவும் இருக்கும், 150 கிராமாகவும் இருக்கும். பிரெட்டுக்காக ஒரே ஒரு பொருள் வாங்கப்போகிறீர்கள் என்றால் டிஜிட்டல் தராசு வாங்குங்கள். மாவு பிசையும் இயந்திரம் இல்லாமல் பிரெட் சுடலாம். தராசு இல்லாமல் ஒவ்வொரு முறையும் வேறு பிரெட்தான் வரும்.

இலையும் பூண்டும்

ஆரிகானோ, தைம் எல்லாம் உலர்ந்து பாட்டிலில் வருகின்றன. தாராளமாகப் போடலாம். ஆனால் வீட்டில் தொட்டியில் கற்பூரவள்ளி இருந்தால் கடைக்குப் போக வேண்டியதே இல்லை. ஆரிகானோவுக்கு மணம் தருகிற கார்வக்ரால், ஓமத்துக்கும் தைமுக்கும் மணம் தருகிற தைமால் இரண்டுமே கற்பூரவள்ளியின் எண்ணெயில் இருக்கின்றன. சளிக்குக் கஷாயம் வைக்கிற இலை சீஸோடு எப்படிச் சேரும் என்று யோசிப்பவர்கள் ஒரு முறை சுட்டுப் பார்க்க வேண்டும். அளவு மட்டும் முக்கியம். பத்து இலை போட்டால் நிஜமாகவே கஷாய வாடை வந்துவிடும். ஊட்டி, குன்னூர் பக்கம் போகிறவர்கள் ரோஸ்மேரி வாங்கி வந்தால் அதையும் இதே முறையில் சேர்க்கலாம்.

கற்பூரவள்ளி தடித்த, நீர் நிறைந்த இலை. பச்சையாக நறுக்கி மாவில் போட்டால் பிசையும்போதே நீர் விட்டு மாவைக் குழைத்துவிடும். பூண்டிலும் சிக்கல் உண்டு: பச்சைப் பூண்டு அதிகமானால் ஈஸ்டின் வேகத்தைக் குறைக்கும், மாவின் இழுவையையும் தளர்த்தும். இரண்டுக்கும் ஒரே மருந்து வெண்ணெய். 25 கிராம் வெண்ணெயைச் சிறு தீயில் உருக்கி, பொடியாக நறுக்கிய பூண்டையும் கற்பூரவள்ளியையும் போடுங்கள். சடசடவென்று பொரியும். அந்தச் சத்தம் அடங்கி, இலை சுருங்கிக் கரும்பச்சையாகி, பூண்டு நிறம் மாறத் தொடங்கும்போது அணைத்துவிடுங்கள். பூண்டு சிவக்கும் வரை விட்டால் கசக்கும். இந்த வெண்ணெய் முழுவதும் ஆறிய பிறகுதான் மாவில் சேர வேண்டும். கொத்தமல்லியை முன்கூட்டியே கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போன பிறகு நறுக்குங்கள்.

எந்த சீஸ்?

கட்டியாக வரும் சாதாரண பதப்படுத்திய சீஸ்தான் புதிதாகச் செய்பவர்களுக்கு என் சிபாரிசு. அதில் சேர்க்கப்படுகிற சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் சீஸின் கொழுப்பைப் பிரியவிடாமல் பிடித்துவைக்கும்; சூட்டில் எண்ணெய் கக்காது. முற்றிய செடார் சுவையில் பல மடங்கு மேல், ஆனால் எண்ணெய் விடும். இரண்டையும் பாதிப் பாதி கலந்தால் சுவையும் கிடைக்கும், தொல்லையும் குறையும். கொடைக்கானலிலோ ஆரோவில்லிலோ செய்கிற கெட்டி சீஸ் கிடைத்தால் விடாதீர்கள். மொசரெல்லாவை மட்டும் இதற்கு வாங்க வேண்டாம். அது பீட்சாவுக்கு உரியது. ஈரம் அதிகம், உப்பும் மணமும் குறைவு. பிரெட்டுக்குள் போனால் நூலாக இழுக்கும், ருசி தெரியாது.

சீஸைத் துண்டு போடாமல் துருவுங்கள். சதுரத் துண்டு உருகினால் அதே அளவில் ஒரு குழி மிஞ்சும். துருவியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்; கை பட்டு இளகிய சீஸ் மாவில் மெழுகிவிடும்.

மாவு

மைதா, ஈஸ்ட், சர்க்கரை, உப்பைக் கலந்து, பாலும் தண்ணீரும் ஊற்றிப் பிசைந்து, மாவு திரண்டதும் பூண்டு வெண்ணெயைச் சேருங்கள். பரோட்டாவுக்கு மாவு பிசைந்த கைக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிடம் நன்றாக அழுத்திப் பிசைந்து, இழுத்தால் அறுந்துவிடாமல் மெல்லிய சவ்வாக விரிகிற பதம் வந்த பிறகே கொத்தமல்லியையும் மிளகையும் 50 கிராம் சீஸையும் சேர்க்க வேண்டும். தொடக்கத்திலேயே சீஸைப் போட்டால் அதன் கொழுப்பு மாவை இறுகவிடாது.

கோடையில் பாலையும் தண்ணீரையும் குளிர்ந்தபடியே ஊற்றுங்கள். ‘வெதுவெதுப்பாக’ என்று எழுதியிருப்பது குளிர்நாட்டுக்காரர்களுக்கு. பிசைந்து முடித்த மாவு 25 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். மே மாதத்தில் முக்கால் மணி நேரத்தில் மாவு இருமடங்காகிவிடும். கொடைக்கானல் குளிரில் இரண்டு மணி நேரம்கூட ஆகும். கடிகாரத்தைப் பார்க்காமல் பாத்திரத்தைப் பாருங்கள்.

சுருட்டுவது: எல்லாம் இங்கேதான்

மாவை விரித்து, சீஸ் தூவி, பாய் போலச் சுருட்டி டின்னில் வைத்துச் சுடுகிறோம். வெளியே அழகாக உப்பி வருகிறது. வெட்டினால் மேல் மடிப்புக்குக் கீழே விரல் நுழைகிற பொந்து. அதன் அடியில் பிசுபிசுவென்று வேகாததைப் போன்ற ஒரு பட்டை. வேகவில்லை என்று நினைத்து இன்னும் பத்து நிமிடம் கூட்டிச் சுட்டால் ஓரம் காய்ந்துபோகும், பொந்து அப்படியே இருக்கும். இது எனக்குப் பிடிபட வெகுநாள் ஆயிற்று.

நடப்பது இதுதான். மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே சீஸ் இளகிவிடுகிறது. அதன் கொழுப்பு பரவியதும் மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் ஒட்டுவதில்லை. அதில் உள்ள நீர் ஆவியாகி, ஒட்டாத மடிப்பை மேலே தள்ளுகிறது. உருகிய சீஸ் கீழே இறங்கி மாவை நனைக்கிறது. ஆக, மடிப்புகள் ஒட்ட வேண்டும், ஆவிக்கு வழி வேண்டும். இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

மாவை 8 அங்குல அகலம், 12 அங்குல நீளத்துக்குச் சப்பாத்திக் கட்டையால் விரியுங்கள். தெரிகிற காற்றுக் குமிழ்களை விரலால் உடைத்துவிடுங்கள். மேலே வெண்ணெய் தடவக் கூடாது. பல செய்முறைகள் தடவச் சொல்கின்றன, தடவினால் பொந்து உறுதி. அதற்குப் பதில் கையைத் தண்ணீரில் நனைத்து லேசாகத் தடவுங்கள். ஈரம் மாவை மாவோடு ஒட்டவைக்கும். 50 கிராம் சீஸை மெல்லியதாகத் தூவி, கடைசி ஓரத்தில் ஒரு அங்குலத்தை வெறுமனே விட்டுவிடுங்கள். உள்ளங்கையால் ஒரு முறை அழுத்தி, சீஸை மாவில் பதிய வையுங்கள்.

பிறகு சுருட்டுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டைவிரல்களால் மடிப்பை உள்நோக்கி அழுத்தி இறுக்க வேண்டும். தளர்வாகச் சுருட்டுவது அழகாக இருக்கும், ஆனால் உதவாது. கடைசி ஓரத்தைக் கிள்ளி மூடி, அந்தப் பக்கம் அடியில் இருக்கும்படி டின்னில் வைத்து, நீளமான குச்சியால் நாலைந்து இடத்தில் அடிவரை குத்துங்கள். ஆவிக்கான வழி அது. சுடப்போகும் முன் இன்னொரு முறை குத்தலாம்.

இரண்டாவது முறை உப்புவதில் பேராசை வேண்டாம். டின்னின் விளிம்பைத் தாண்டி அரை அங்குலம் எழுந்தால் போதும். விரலால் அழுத்தினால் குழி மெதுவாகப் பாதி மீள வேண்டும். மீளவே இல்லை என்றால் நேரம் கடந்துவிட்டது, உள்ளே மடிப்புகள் பிரியத் தொடங்கியிருக்கும்.

சுடுவது

ஓ.டி.ஜி. என்கிற சிறிய மின்சார ஓவனை மேல் கீழ் இரண்டு கம்பிகளும் எரிய 200 டிகிரியில் கால் மணி நேரம் சூடாக்குங்கள். டின்னைக் கீழ்த்தட்டில் வைத்து 180 டிகிரிக்குக் குறைத்து, 30 முதல் 35 நிமிடம். சிறிய ஓவன்களில் மேல் கம்பி பிரெட்டுக்கு மிக அருகில் இருக்கும். அதனால் மீதி 20 கிராம் சீஸைத் தொடக்கத்திலேயே தூவாமல் கடைசிப் பத்து நிமிடத்தில் தூவுங்கள். அதற்குள் மேல்பகுதி கறுத்தால் அலுமினியத் தாளால் மூடுங்கள். கறுப்பு நான்ஸ்டிக் டின் அடியைத் தீய்த்துவிடும்; சாதாரண அலுமினிய டின்தான் எனக்குப் பிடித்தது.

தட்டிப் பார்த்து வெந்ததா என்று சொல்கிற முறையை இந்தப் பிரெட்டில் நம்ப முடியாது. சமையல் வெப்பமானியை நடுவில் குத்தினால் 94 டிகிரி காட்ட வேண்டும். ஓவனின் திருகில் போட்டிருக்கும் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். உள்ளே வைக்கிற ஓவன் வெப்பமானி ஒன்று இருந்தால் உண்மை தெரிந்துவிடும்.

வெளியே எடுத்ததும் டின்னிலிருந்து கவிழ்த்து, கம்பித் தட்டில் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு வெட்டினால் நன்றாக வெந்த பிரெட்டும் களியாகத்தான் தெரியும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

மாவு உப்பவே இல்லை என்று எழுதியவர்களில் பலர் காய்ச்சிய பாலைச் சூடு தணியாமல் ஊற்றியிருக்கிறார்கள். 55, 60 டிகிரியில் ஈஸ்ட் செத்துவிடும். பிரித்த ஈஸ்ட் பாக்கெட்டைச் சமையலறை அலமாரியில் வைப்பதும் காரணமாகலாம். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள்.

ஓவன் இல்லாதவர்களுக்கு: கனமான வாணலியின் அடியில் உப்பைப் பரப்பி, மேலே வளையம் வைத்து, மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்கிய பின் டின்னை உள்ளே வையுங்கள். 45 நிமிடம் ஆகும். மேல்பகுதி வெளுப்பாகவே இருக்கும். ஆறியதும் துண்டு போட்டு, தோசைக்கல்லில் வாட்டிச் சாப்பிடலாம்.

சீஸுக்குப் பதில் பனீர் போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பனீர் உருகாது, நீர் அதிகம், உப்பும் இல்லை. பிழிந்து உதிர்த்து, உப்பும் மிளகும் கூட்டிச் சேர்த்தால் நல்ல பிரெட் வரும். ஆனால் அது வேறு பிரெட்.

கோதுமை மாவுக்கு மாறுகிறவர்கள் முதலில் பாதி மைதா, பாதி கோதுமை என்று தொடங்குங்கள். ஆட்டா அதிகம் தண்ணீர் குடிக்கும், 25 மி.லி. கூட்டி, பிசைவதற்கு முன் இருபது நிமிடம் ஊறவிடுங்கள். முழுவதும் கோதுமையில் செய்தால் இவ்வளவு உயரம் எழாது, சுருட்டும்போது கிழியும். அப்போது சுருட்டுவதை விட்டுவிட்டு, சீஸ் முழுவதையும் மாவிலேயே கலந்து உருண்டைகளாக்கி, பன்னாகச் சுட்டுவிடுங்கள். 18 முதல் 20 நிமிடம் போதும்.