கோவா பிடுங்கிய பாத்தியில் முள்ளங்கி வேண்டாம்

இலங்கை மலையகத்தில் நுவரெலியா, வெலிமடைப் பக்கம் கோவா (முட்டைக்கோஸ்) வெட்டிய பாத்தியில் அடுத்து முள்ளங்கியோ நோக்கோலோ (நூல்கோல்) போட்டால் பயிர் மாறியது போலத் தெரியும். உண்மையில் மாறவில்லை. மூன்றும் கடுகுக் குடும்பம்தான்.

பூவைப் பார்த்தாலே கண்டுபிடிக்கலாம்: சிலுவை வடிவில் நான்கு இதழ்கள், உள்ளே ஆறு மகரந்தத் தாள்கள், அதில் நான்கு நீளம், இரண்டு குட்டை. கோவாவைப் பூக்கும் முன்பே வெட்டிவிடுகிறோமே என்றால், நாற்றைப் பாருங்கள். முதலில் வரும் இரண்டு வித்திலைகளும் நுனியில் பிளந்து இதய வடிவில் இருக்கும். இலையைக் கசக்கினால் கடுகின் காரநெடியும் வரும்.

இது ஏன் முக்கியம்? வேர் கட்டி கட்டியாக வீங்கி, பகலில் செடி வாடும் நோய் ஒன்று இந்தக் குடும்பத்தைத்தான் தாக்கும். அதன் வித்திகள், அதாவது நோயைப் பரப்பும் நுண்ணிய விதை போன்றவை, மண்ணில் பல வருடங்கள் உயிரோடு கிடக்கும். புளிப்பு மண் அதற்குக் கொண்டாட்டம். மலையகத்தில் அப்படிப்பட்ட மண்ணே அதிகம். அதனால் மண்ணைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் சுண்ணாம்புத் தூள் இடுங்கள்.

சரி, அடுத்து என்ன போடலாம்? லீக்ஸ், போஞ்சி, கரட். பீட்ரூட்டும் போடலாம், அது வேறு குடும்பம். தானாக முளைத்த கடுகுச் செடிகளை மட்டும் பாத்தியில் விட்டுவைக்காதீர்கள்.