தாழியின் வாய் தெரிந்தால்: ராமநாதபுரக் கரையோரத்தில் என்ன செய்வது?

கார்த்திகை மழை அடங்கி மண் இறுகிய பிறகு, தை, மாசியில் முதுமக்கள் தாழியை, அதாவது முற்காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானையைப் பார்க்கப் போங்கள். மழைநீர் அரித்த ஓடைக்கரை, கிராவல் வெட்டிய பள்ளம், கண்மாயை ஒட்டிய மேடு ஆகிய இடங்களில்தான் தாழியின் வாய் வெளியே தெரியும். ஊர்ப் பெரியவர்களிடம் ‘மதமதக்கா தாழி’ என்று கேட்டால் இடத்தைக் கைகாட்டுவார்கள். பட்டா நிலமென்றால் உரியவரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா என்பதால், வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது.

மண்ணில் வட்டமாகத் தெரிவதெல்லாம் தாழியல்ல. மேலிருந்து பார்த்தால், சுடுமண் உறைகளை (வளையங்களை) அடுக்கிக் கட்டிய பழைய உறைகிணறும் அதே வட்டம்தான். உறையின் சுவர் நேராக இறங்கும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய மூட்டு தெரியும். தாழியின் சுவரோ வளைந்து, வயிறு அகன்று, அடியில் குறுகும். தடித்த விளிம்புக்குக் கீழே, விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டிய கயிறு போன்ற மண்பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான ஓடுகள் பக்கத்தில் கிடந்தால் இன்னும் நல்ல அடையாளம். ஓடுகளைப் பார்த்துக் கண் பழக, ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் உள்ள அருங்காட்சியகத்துக்கு முதலில் போய்வாருங்கள்.

காலை 7 முதல் 9 மணிக்குள், சாய்வெயிலில் படம் எடுங்கள். 10 செ.மீ. அளவுகோலை விளிம்பருகே வைத்து மேலிருந்து ஒன்று, நான்கு திசைகளிலிருந்தும் ஒவ்வொன்று. செல்போன் காட்டும் இடம் சில மீட்டர் தள்ளிப்போகும். அதனால் மின்கம்பம், எல்லைக்கல் என அசையாத இரண்டு பொருள்களிலிருந்து டேப் பிடித்துத் தூரத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

தோண்டி எடுக்கவே கூடாது. சுற்றியுள்ள மண்தான் தாழிக்கு முட்டு. அதை எடுத்ததும், உள்ளே நிறைந்த மண்ணின் பாரத்தில் வயிறு பிளந்துவிடும். கரையோர மண்ணில் உப்பு வேறு அதிகம். ஈர ஓடு சட்டென்று வெயிலில் காய்ந்தால், அந்த உப்பு நுண்துளைகளுக்குள் படிகமாகி மேல்தோலைச் செதில் செதிலாக உரித்துவிடும். தண்ணீர் விட்டுக் கழுவினால் ஒட்டியிருக்கும் தானிய உமியும் கரித்துகளும் போய்விடும். காலத்தைக் கணிக்க உதவுபவையே அவைதான். எலும்பை வெறுங்கையால் தொட்டால் நம் மரபணு அதில் கலந்து ஆய்வைக் கெடுக்கும். பனையோலையைச் சாய்த்து நிழல் கட்டினால் போதும். பிளாஸ்டிக் ஷீட் போட்டால் உள்ளே வேர்க்கும்.

அன்றே வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மனுவில் சர்வே எண், படங்கள், அளவுகள் இருக்கட்டும். தொல்லியல் துறை வந்து பார்க்கும்வரை இடத்தின் பெயரை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். புதையல் தேடி யாராவது கடப்பாரையோடு வந்துவிடுவார்கள்.